ஹெப்பகோடி மழையிலும் கட்டி தட்டாத மிளகு உப்பு

ஜூன் பிறந்து மழை பிடித்துக்கொண்டால், பெங்களூரை ஒட்டிய ஹெப்பகோடியில் அதை முதலில் சொல்வது எங்கள் வீட்டு உப்பு ஜாடிதான். தர்மபுரியில் அம்மா வீட்டில் கைவிட்டால் பொலபொலவென்று வரும் உப்பு, இங்கே அடியில் நீர் விட்டு, மேலே இறுகி, கரண்டியை உள்ளே விடாது. இந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். ஆகஸ்ட் மாதம் வெயில் எட்டிப் பார்க்காத நாட்களில் துணியும் காயாது, உப்பும் காயாது. கல்யாணமாகி இங்கே வந்த முதல் மழைக்காலத்தில் அரைக் கிலோ மிளகு உப்பு அரைத்து, ஆசையாக ஒரு பெரிய டப்பாவில் அடைத்து வைத்தேன். மூன்றாவது வாரம் திறந்தால் சாம்பல் நிறத்தில் ஒரே கட்டி. உடைத்து முகர்ந்தால் வாசனை பாதிகூட இல்லை. மிளகு விற்கிற விலைக்கு அன்று அழுகையே வந்துவிட்டது.

அதன்பிறகு ஒவ்வொரு தடவையும் ஒன்று ஒன்றாகத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். உப்பு ஈரத்தை இழுக்கும். மிளகின் வாசனை காற்றோடு போகும். இந்த இரண்டையும் தடுத்துவிட்டால், முட்டையிலிருந்து வெள்ளரிப் பிஞ்சு வரை எல்லாவற்றுக்கும் கைகொடுக்கும் பொடி ஒன்று வருடம் முழுக்க அடுப்படியில் இருக்கும்.

1. கடையில் பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஹெப்பகோடி, பொம்மசந்திரா, சந்தாபுரா கடைகளில் தமிழ் புரியும் என்றாலும், கன்னடத்தில் கேட்பவர்கள் ‘கரிமெணசு’ அல்லது ‘காளுமெணசு’ என்று கேட்பது நல்லது. ஒருமுறை ‘மெணசு’ என்று மட்டும் சொல்லிவிட்டுக் காய்ந்த மிளகாய்ப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தேன். போர்த்துக்கீசியர் வழியாக மிளகாய் வந்தபோது, ஏற்கெனவே இருந்த மிளகின் பெயரைத்தான் இரண்டு மொழிக்காரர்களும் அதற்கும் கொடுத்தார்கள். நமக்கு மிளகு, மிளகாய். அவர்களுக்கு மெணசு, மெணசினகாயி. மிளகாய்க்கு முன்னால் நம் சமையலில் காரம் என்றால் மிளகின் காரம்தான். பல பெருமாள் கோயில் மடப்பள்ளிகளில் இன்றைக்கும் அப்படியே.

2. மிளகை வாங்கியதும் ஒரு டம்ளரில் அளந்து எடை போடுங்கள். கனமான, முற்றிய மிளகு ஒரு லிட்டர் அளவுக்கு 550 கிராம் வரை நிற்கும். ஏற்றுமதிச் சந்தையிலும் தரம் பிரிப்பது இந்தக் கணக்கில்தான். 200 மில்லி டம்ளரில் தலை தட்டி நிரப்பினால் 110 கிராம் நின்றால் அருமையான சரக்கு. 90 கிராமுக்குக் கீழே போனால் பாதி பொக்கு. பொக்கு மிளகில் தோல்தான் இருக்கும், உள்ளே பருப்பு இருக்காது. அரைத்தால் கறுப்புத் தூள் நிறைய வரும், காரம் இருக்காது.

3. கலப்படம் பார்க்க ஒரு டம்ளர் தண்ணீர் போதும். ஒரு தேக்கரண்டி மிளகைப் போட்டால் நல்ல மிளகு அடியில் இறங்கும், காய்ந்த பப்பாளி விதை மேலே மிதக்கும். ஆனால் மிதப்பதெல்லாம் பப்பாளி விதை இல்லை, பொக்கு மிளகும் மிதக்கும். மிதந்ததை எடுத்துக் கையில் வைத்துப் பாருங்கள். மிளகு உருண்டை, தோலில் ஆழமான சுருக்கம். பப்பாளி விதை கொஞ்சம் நீள்வட்டமாக இருக்கும், கடித்தால் மிளகின் காரம் இருக்காது.

பளபளவென்று மின்னும் மிளகைக் கண்டு மயங்கவேண்டாம். பூஞ்சையை மறைக்கவும் பளபளப்புக்காகவும் மினரல் ஆயில் பூசுவது உண்டு. 2012 இறுதியில் கொச்சியில் கிடங்கு கிடங்காக மிளகைப் பூட்டி அதிகாரிகள் முத்திரை வைத்தது இந்தப் புகாரில்தான். உள்ளங்கையில் ஒரு பிடி எடுத்து, பொத்தி, சூடேறத் தேய்த்து முகருங்கள். மண்ணெண்ணெய் சாயலில் வாடை வந்தால் வாங்காதீர்கள்.

4. புது மிளகு வரும் நேரத்தில் வருடத்துக்கானதை வாங்கிவிடுங்கள். கர்நாடகத்தில் மிளகு என்றால் குடகு, சிக்மகளூர், சக்லேஷ்பூர். காப்பித் தோட்டத்து நிழல் மரங்களில் கொடி ஏறியிருக்கும். அறுவடை பெரும்பாலும் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா சோமவாரப்பேட்டைக்காரர். ஜனவரியில் நான் மிளகு வாங்கக் கிளம்பினால், “பொறும்மா, இன்னும் ரெண்டு மாசத்துல புதுசு வரும். பழசுக்கு ஏன் காசு கொடுக்கிறே?” என்பார். “சரிங்க அக்கா” என்று திரும்பி விடுவேன். அவர் ஊரிலிருந்து வரும் மிளகு சாக்கைப் பிரித்ததும் இரண்டு வீட்டுக்கும் மணக்கும். குடகில் அதை ‘ஒள்ளே மெணசு’ என்பார்கள், நல்ல மிளகு என்று பொருள். தமிழ்நாட்டுப் பக்கம் போகிறவர்கள் கொல்லிமலை, ஏற்காட்டு மிளகைத் தேடி வாங்கலாம். கொல்லிமலையில் சில்வர் ஓக் மரங்களில் ஏறிய கொடிகளைப் பார்க்கிறபோதே மனம் நிறைந்துவிடும்.

5. மிளகு காய்ந்திருக்கிறதா என்று பல்லைக் கேளுங்கள். ஒரு மணியைக் கடைவாயில் வைத்துக் கடித்தால் ‘டக்’ என்று உடையவேண்டும். நசுங்கினால் ஈரம். ஈர மிளகில் மழைக்காலத்தில் வெண்பூஞ்சை கட்டும். பூஞ்சை பிடித்ததைத் துடைத்துப் பயன்படுத்தாதீர்கள், கொட்டிவிடுங்கள்.

6. உப்பில் எது? கல் உப்புதான் என் தேர்வு. காரணம் சொல்கிறேன். பாக்கெட்டில் வரும் தூள் உப்பில் கட்டி தட்டாமல் இருக்க ஒரு பொருள் சேர்த்திருப்பார்கள். அந்தத் தூள் உப்பு நைசாகவும் இருக்கும், ஜாடியில் கொரகொரப்பான மிளகோடு ஒட்டாது. கல் உப்பை மிளகோடு சேர்த்து நீங்களே உடைக்கும்போது இரண்டும் ஒரே பருமனுக்கு வரும், உப்பின் முனை மிளகின் எண்ணெயைத் தொட்டு எடுத்துக்கொள்ளும். தூத்துக்குடி உப்பு எல்லா இடத்திலும் கிடைக்கிறது. கோகர்ணம் பக்கம் போனால் சாணிகட்டா உப்பளத்து உப்பு வாங்கி வாருங்கள். கொஞ்சம் பழுப்பு, கொஞ்சம் ஈரம், ஆனால் வாயில் வைத்தால் கடலே வருகிறது.

அயோடின் விஷயத்தை மறக்கக்கூடாது. நேரடியாகச் சாப்பிட விற்கும் உப்பில் அயோடின் இருக்கவேண்டும் என்பது 2006 மே மாதத்திலிருந்து நாடு முழுவதும் சட்டம். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அது அவசியம். உப்பைச் சூடு செய்தால் அயோடினில் ஒரு பகுதி போய்விடும். அதனால் தினசரிச் சமையலுக்கு வறுக்காத அயோடின் உப்பையே வைத்துக்கொள்ளுங்கள். மிளகு உப்பு மேலே தூவ மட்டும்.

7. கல் உப்பை வறுப்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சுத்தமான உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் கசியத் தொடங்கும். ஆனால் கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடு கலந்திருக்கும். அது 33 சதவீத ஈரத்திலேயே தண்ணீரை இழுக்க ஆரம்பித்துவிடும். பெங்களூர் மழைக்காலக் காலைகளில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி நிற்கும். அப்புறம் ஜாடி என்ன செய்யும்? கல் உப்பின் ஒவ்வொரு பரலுக்குள்ளும் உப்பளத்து நீர் துளித்துளியாக மாட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. வெளியே தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே ஈரம்.

அடி கனமான வாணலியைச் சிறு தீயில் வையுங்கள். 100 கிராம் கல் உப்பைப் பரப்புங்கள். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் நடக்காது. பிறகு ஓரத்தில் ஒரு ‘பட்’. அப்புறம் இன்னொன்று. அடுத்து கடுகு தாளித்ததுபோல் வாணலி முழுக்கப் படபடக்கும். உள்ளே மாட்டிய நீர் ஆவியாகிப் பரலை உடைத்துக்கொண்டு வெளியேறும் சத்தம் அது. பரல் கண்ணில் தெறிக்கும், சாய்த்து ஒரு தட்டால் மூடுங்கள், ஆவி போக இடம் விடுங்கள். தட்டின் அடியில் பனி படர்ந்தால் துடைத்துத் துடைத்து மூடவேண்டும். ஏழெட்டு நிமிடத்தில் சத்தம் குறைந்து, ஒன்றிரண்டாகி, நின்றுவிடும். நின்ற பிறகு கிளறினால், வாணலியில் மணல்போலச் சரசரவென்று ஓடும். கண்ணாடி போலிருந்த பரல் வெள்ளையாகிவிட்டிருக்கும். அந்தச் சரசரப்பு வரும்வரை இறக்கவே கூடாது. என் முதல் அரைக் கிலோ கெட்டது நான் இதைச் செய்யாததால்தான்.

இந்துப்பு போட விரும்புகிறவர்கள் நீண்ட நேரம் வறுக்கவேண்டியதில்லை, கை பொறுக்கும் சூடு போதும். அதில் பெரும்பாலும் அயோடின் சேர்த்திருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

8. மிளகைத் தனியாகத் தீயில் வறுக்காதீர்கள். உப்பு வறுத்த வாணலியை அடுப்பிலிருந்து இறக்கி, இரண்டு நிமிடம் விட்டு, அந்த உப்பிலேயே 40 கிராம் மிளகைக் கொட்டிக் கிளறி அப்படியே வையுங்கள். உப்பில் தங்கிய சூடு மிளகின் ஈரத்தை எடுத்துவிடும், வாசனையைத் தொடாது. மிளகின் காரத்துக்குக் காரணம் பைப்பரின். அது சூட்டுக்கு அவ்வளவு எளிதில் போகாது. வாசனை வேறு. லிமோனீன், பைனீன் போன்ற எளிதில் ஆவியாகும் எண்ணெய்கள் அதைத் தருகின்றன. கருக வறுத்த மிளகில் காரம் இருக்கும், வீடு முழுக்க மணக்கும். வீடு மணக்கிறது என்றால் அந்த மணம் வாணலியை விட்டுப் போய்விட்டது என்று அர்த்தம்.

9. தராசு இல்லாத வீட்டுக்கு: மேசைக்கரண்டியில் மட்டமாகக் கல் உப்பு 7, மிளகு 5. காரம் குறைவாக வேண்டுமென்றால் மிளகு 3. குழந்தைகளுக்கென்று தனியாகச் செய்கிறவர்கள் மிளகு 2 போட்டால் போதும்.

10. ஆறட்டும். முழுக்க ஆறட்டும். வெதுவெதுப்பாக அரைத்து அடைத்தால் மூடியின் உட்புறம் வியர்த்து, அந்தத் துளி திரும்பப் பொடியில் விழும். மழைக்காலத்தில் ஆறவைக்கும்போதே உப்பு ஈரம் பிடிக்கும் என்பதால், வாணலியை ஒரு சுத்தமான காய்ந்த துணியால் மூடி, அணைத்த அடுப்புக்குப் பக்கத்திலேயே விட்டுவிடுங்கள். ஜன்னலோரம் வேண்டாம்.

11. மிக்ஸியில் தொடர்ந்து ஓட்டாதீர்கள். இரண்டு விநாடி ஓட்டி நிறுத்தி, ஜாரைக் குலுக்கி, மறுபடி இரண்டு விநாடி. ஆறேழு முறை போதும். தொடர்ந்து ஓட்டினால் ஜார் சூடாகும், அந்தச் சூட்டிலேயே வாசனை கிளம்பிவிடும். ரவை பருமனில் நிறுத்திக்கொள்ளுங்கள். மாவாக அரைத்த மிளகு உப்பு நாக்கில் வெறும் உப்பாகத்தான் தெரியும். ரவையாக இருந்தால் முதலில் உப்பு, ஒரு நொடி கழித்து மிளகு உடைந்து காரம், அதற்குப் பின்னால் அந்த மரவாசனை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

சின்ன இடிகல் உரல் வைத்திருப்பவர்கள் அதையே எடுங்கள். உப்புப் பரலே மிளகை அறுக்கும் பல்லாக வேலை செய்யும், குத்தக் குத்த வழுக்கி ஓடாது. ஒரு வாரத்துக்கு வேண்டியதைக் குத்த நாலு நிமிடம்கூட ஆகாது. மிக்ஸியில் அரைத்ததையும் உரலில் குத்தியதையும் தயிர்சாதத்தில் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். நான் உரலை விடாமல் இருப்பதற்கு அந்த ஒரு பிடி சாதம்தான் காரணம்.

12. அரைத்தவுடன் ஜாரைத் திறக்காதீர்கள். ஐந்து நிமிடம் தூள் அடங்கட்டும். ஆஸ்துமா உள்ளவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் வேறு யாரையாவது திறக்கச் சொல்லுங்கள்.

13. சின்னச் சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் பிரித்து வையுங்கள். ஒரே பெரிய பாட்டிலைத் தினமும் திறந்தால் தினமும் ஈரக்காற்று உள்ளே போகும். 50 கிராம் பிடிக்கும் பாட்டில் மூன்றில் அடைத்து, ஒன்றை மட்டும் திறந்து வைத்துக்கொண்டால் மற்ற இரண்டும் மாதம் தாண்டியும் புதிதாக இருக்கும். இரும்பு, அலுமினிய டப்பா வேண்டாம், உப்பு அரித்துவிடும். தகர மூடியுள்ள பாட்டிலென்றால் மூடிக்கு அடியில் ஒரு தடித்த காகித வட்டம் வையுங்கள்.

வெளிச்சத்திலும் வைக்காதீர்கள். வெளிச்சம் பட்டால் பைப்பரின் மெல்ல மெல்லத் தன் காரத்தை இழக்கும். இந்தப் பைப்பரினை மிளகிலிருந்து முதலில் பிரித்தெடுத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட், 1819-இல். மின்சாரம் பாய்ந்தால் காந்த ஊசி அசையும் என்று அடுத்த வருடமே உலகுக்குச் சொன்னவரும் இவரேதான். பள்ளிப் பாடத்தில் படித்த பெயர் அஞ்சறைப் பெட்டிக்குள் இருப்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

14. கொதிக்கும் பாத்திரத்துக்கு நேர் மேலே குலுக்காதீர்கள். ஆவி துளை வழியாகப் பாட்டிலுக்குள் போகும். உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டிக்கொண்டு தூவுங்கள்.

15. பாட்டிலில் பத்துப் பதினைந்து வறுத்த அரிசி மணிகளைப் போட்டால் கட்டி தட்டாது. பச்சையாகப் போடுவதில் பயன் குறைவு. அரிசியிலும் ஈரம் உண்டு. பழுப்பு நிறம் வரும்வரை வறுத்து, ஆறவிட்டுப் போடுங்கள். மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.

16. அப்படியும் கட்டியானால் திரும்ப அடுப்பில் வைக்காதீர்கள், இருக்கிற வாசனையும் போகும். உதிர்த்து, தட்டில் பரப்பி, வெயில் வரும் அன்று ஒரு மெல்லிய துணியால் மூடி ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு புதிதாக நாலு மிளகைத் தட்டிச் சேர்த்தால் போதும்.

17. மிளகும் உப்பும் பாட்டிலில் தானாகப் பிரியும். பருமனான துகள் குலுங்கக் குலுங்க மேலே வரும், நைசானது கீழே இறங்கும். அடி வரும்போது வெறும் உப்பாக இருக்கிறதென்று பலர் சொல்வது இதனால்தான். எடுக்கும்முன் பாட்டிலைக் கவிழ்த்து ஒருமுறை உருட்டுங்கள்.

18. சீரக மிளகு உப்பு: 100 கிராம் உப்பு, 30 கிராம் மிளகு, 15 கிராம் சீரகம், அரைத் தேக்கரண்டி சுக்குப் பொடி. சீரகத்தை மட்டும் தனியாக வெதுப்புங்கள். நீர்மோருக்கு இதுபோல் ஒன்று கிடையாது. சித்திரை வெயிலில் பொம்மசந்திரா தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்து வருகிறவருக்கு ஒரு சொம்பு மோரில் அரைத் தேக்கரண்டி கலந்து கொடுங்கள்.

19. எலுமிச்சை மிளகு உப்பு. இதற்கு நேரம் பார்க்கவேண்டும். ஜனவரி, பிப்ரவரியில் இங்கே காற்று காய்ந்து, வெயிலும் இதமாக இருக்கும். எலுமிச்சையின் மஞ்சள் தோலை மட்டும் மெல்லியதாகச் சீவுங்கள். அடியிலுள்ள வெள்ளை கசக்கும். நிழலில் மூன்று நாள் காயவைத்தால் ஒடித்தால் முறியும். 100 கிராம் உப்புக்கு நாலு பழத்துத் தோல். மிளகிலும் எலுமிச்சைத் தோலிலும் இருக்கும் லிமோனீன் ஒன்றேதான், அதனால் இரண்டும் அந்நியமாகத் தெரியாது. வறுத்த மீனுக்கு, வேகவைத்த உருளைக்கு, சும்மா வறுத்த முந்திரிக்கு. மழைக்காலத்தில் இதை முயன்று தோலில் பூஞ்சை பிடித்து இரண்டு முறை கொட்டியிருக்கிறேன். காலம் பார்த்துச் செய்யுங்கள்.

20. உத்தராகண்டின் குமாவோன், கட்வால் மலைகளில் ‘பிஸ்யூ லூண்’ என்று ஒரு அரைத்த உப்பு உண்டு. பச்சை மிளகாய், பூண்டு, கொத்தமல்லித் தழை, சீரகம் எல்லாவற்றையும் கல் உப்போடு அம்மியில் வைத்து அரைப்பார்கள். பச்சை நிறத்தில் இருக்கும். வெள்ளரி, முள்ளங்கி, ரொட்டி எதற்கும் தொட்டுக்கொள்வார்கள். இதில் பச்சைப் பொருட்கள் இருப்பதால் இரண்டு மூன்று நாளுக்கு அரைத்து, ஃபிரிஜ்ஜில் வையுங்கள். நான் மிளகாயைப் பாதியாக்கி, மிளகு சேர்த்து, கொத்தமல்லிக்குப் பதில் கறிவேப்பிலை போட்டு அரைத்தேன். மலைக்காரர்கள் மன்னிக்கட்டும், தோசைக்கு அது பொருந்திவிட்டது.

21. சீனாவிலும் ‘ஜியாவ் யான்’ என்ற பெயரில் வறுத்த உப்போடு சிச்சுவான் மிளகு சேர்த்துப் பொரித்தவற்றின்மேல் தூவுவார்கள். அது நம் மிளகு இல்லை, எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. நாக்கு மரத்துப்போகும். கோவா, மங்களூர் பக்கம் மீன் குழம்பில் போடும் திர்பல் அதற்கு நெருங்கிய உறவு. கிடைத்தால் விதையை எடுத்துவிட்டுத் தோலை மட்டும் இரண்டு கிராம் சேர்த்துப் பாருங்கள். கம்போடியாவில் கம்போட் மிளகு, உப்பு இரண்டிலும் அப்போதே எலுமிச்சை பிழிந்து கிண்ணத்தில் வைப்பார்கள், மீனையும் நண்டையும் அதில் தொட்டுச் சாப்பிட. இதற்கு முன்கூட்டிச் செய்யவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வஞ்சிர வறுவல் தட்டுக்கு வந்ததும் ஒரு தேக்கரண்டி மிளகு உப்பில் அரை மூடி பிழியுங்கள்.

22. எதில் தூவலாம்? பெங்களூர்க்காரர்களுக்கு வருடம் முழுக்கப் பதில் இருக்கிறது. மார்கழியில் அவரேகாய் வந்தால், உரித்த பருப்பைப் பொரித்து சூட்டோடு மிளகு உப்பு தூவுங்கள். கார்த்திகைக் கடைசித் திங்களில் பசவனகுடி கடலேகாய் பரிஷேயில் வாங்கி வந்த வறுத்த கடலையில் போடுங்கள். கோடையில் ஹோசூர் ரோட்டோரம் வெள்ளரிப் பிஞ்சைக் கீறிக்கொண்டே “உப்பு காரா ஹாக்லா?” என்று கேட்பார்களே, அவர்கள் போடுவது மிளகாய்த் தூள். அதே பிஞ்சை வீட்டுக்கு வாங்கிவந்து மிளகு உப்பில் சாப்பிட்டால் வயிறு எரியாது. மழையில் சுட்ட மக்காச்சோளத்துக்கு எலுமிச்சை மூடியால் தேயுங்கள். கொய்யா, அன்னாசி, அரை வேக்காட்டு முட்டை இவற்றுக்குச் சொல்லவே வேண்டாம்.

23. தாளிப்பில் போடாதீர்கள். எண்ணெயில் விழுந்த மிளகுத் தூள் நொடியில் கருகிக் கசக்கும். பொங்கலுக்கும் முட்டைக்கும் அடுப்பை அணைத்த பிறகே.

24. அளவு முக்கியம். இந்தக் கணக்கில் ஒரு கிராம் மிளகு உப்பில் ஏறக்குறைய 0.7 கிராம் உப்பு இருக்கிறது. பெரியவர்கள் ஒரு நாளைக்குச் சாப்பிடும் மொத்த உப்பு 5 கிராமுக்கும் குறைவாக இருக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சாம்பாரில், ஊறுகாயில், அப்பளத்தில் போனது எல்லாம் அந்த 5 கிராமுக்குள்தான். எங்கள் வீட்டில் மாமனாருக்கு ரத்த அழுத்தம். அவருக்கு உப்பு 100-க்கு மிளகு 80, சீரகம் 30 என்று தனிப் பாட்டில். காரமும் வாசனையும் கூடினால் நாக்கு உப்பைக் குறைவாகக் கேட்கும். அவரே இப்போது முன்பைவிடப் பாதிதான் தூவிக்கொள்கிறார். கடையில் விற்கும் பொட்டாசியம் கலந்த குறைசோடிய உப்பை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவேண்டாம்.

25. மஞ்சள் சேர்த்து அரைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: சேர்க்கலாம், 100 கிராமுக்கு இரண்டு கிராம். மஞ்சளின் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரினைக் கொடுத்தால் உடல் அதைப் பல மடங்கு அதிகமாக ஏற்கிறது என்று 1998-இல் காட்டியவர்கள் நம் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிக்காரர்கள். நம் பாட்டிகள் மஞ்சள் பாலில் மிளகு தட்டிப் போட்டார்கள். ஆனால் பைப்பரின் சில மாத்திரைகளின் உறிஞ்சலையும் கூட்டும். தினமும் மாத்திரை எடுப்பவர்கள் மிளகைச் சமையல் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மருந்தாக அள்ளிச் சாப்பிடவேண்டாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மிளகு உப்பு எந்த வடிவிலும் கூடாது.

26. யாருக்காவது கொடுப்பதென்றால் பாட்டிலில் அரைத்த தேதியை எழுதி ஒட்டுங்கள். ஒரு மாதத்துக்குள் முடிப்பது உத்தமம். இரண்டு மாதம்வரை கெடாது, வாசனை மட்டும் இறங்கும். அக்கம்பக்கத்தில் விற்க ஆரம்பிக்கிறவர்கள் முதலில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு எடுத்துவிடுங்கள், அயோடின் உப்பையே வாங்குங்கள். அதைச் சூடு செய்யாமல், மிளகை மட்டும் வெயிலில் காயவைத்து அரைத்துக் கலந்துவிடலாம்.

27. கடைசியாக, ஜாரைக் கழுவுவதற்கு முன். பிளேடுக்கு அடியில் ஒரு தேக்கரண்டி மிளகு உப்பு எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை அப்படியே விட்டால் பிளேடு துருப்பிடிக்கும், கழுவிக் கொட்டினால் மனசு கேட்காது. ஒரு கரண்டித் தயிர், இரண்டு டம்ளர் தண்ணீர், நாலு கறிவேப்பிலை போட்டு ஒரு சுற்று சுற்றுங்கள். நுரை பொங்க வரும் அந்த மோரை டம்ளரில் ஊற்றி, முதலில் அரைத்தவர் குடித்துவிட வேண்டும். மிச்சத்தைத்தான் மற்றவர்களுக்கு.